எதிர்ப்பொருளைத் தேடியவர் – சீசர் மில்ஸ்டீன்

நுழையும்முன்

குருதி வகையை அறிவதற்காகக் கண்ணாடிச் சில்லில் விடப்படும் நீல நிறத் துளியை மாணவர் பலரும் கண்டிருப்பர். அத்துளிக்குள் ஓர் அறிஞரின் நாற்பதாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. பயன் எதுவென்று முன்கூட்டியே கணக்கிடாமல் ஒரு வினாவின் பின்னே சென்றவர் அவர். கிடைத்த விடையை உலகோருக்குப் பகிர்ந்தளித்தவர். அவருடைய வாழ்வையும் ஆய்வையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வயலும் நஞ்சும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் செழித்து வளர்கின்றன. சின்ன வெங்காய வயல்களும் முந்திரித் தோப்புகளும் இப்பகுதியின் அடையாளங்கள். விடியலில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோரும் அறுவடைக்குக் குனிவோரும் பாம்புக்கடிக்கு ஆளாவது உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சே நம் நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிக்கிறது. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் நஞ்சுமுறிவு மருந்து ஏற்றப்படுகிறது.

அம்மருந்து உருவாகும் முறை வியப்புக்குரியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், பாம்புகளுக்குத் தீங்கு நேராமல் நஞ்சை எடுத்துத் தருகின்றனர். அந்நஞ்சு மிகச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தப்படுகிறது. குதிரையின் உடல் அதனை அயற்பொருள் என உணர்ந்து, அதைப் பற்றிப் பிடித்து முடக்கும் புரதங்களை உருவாக்குகிறது. இப்புரதங்களே எதிர்ப்பொருள்கள் எனப்படுகின்றன. குதிரையின் குருதியிலிருந்து அவை பிரித்தெடுக்கப்பட்டு மருந்தாகின்றன.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் மறுகோடியில் அர்ஜென்டினா நாட்டில் ஒரு சிறுவன் இதைப் போன்றதொரு செய்தியைக் கேட்டு வியந்தான். அவனுடைய உறவினர் ஒருவர், நஞ்சுமுறிவு மருந்துக்காகப் பாம்பின் நஞ்சை எடுக்கும் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவர் சொன்னவை அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவனே பின்னாளில் எதிர்ப்பொருள் ஆய்வின் போக்கை மாற்றிய சீசர் மில்ஸ்டீன்.

இளமையும் கல்வியும்

சீசர் மில்ஸ்டீன் 1927ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், அர்ஜென்டினாவின் துறைமுக நகரான பாஹியா பிளாங்காவில் பிறந்தார். தந்தை, அந்நாட்டில் குடியேறிய யூதர். பதினைந்து வயது முதலே தம் உழைப்பை நம்பி வாழ வேண்டிய நிலையில் இருந்தவர். தாய், ஏழைக் குடியேறிகளின் மகளாகப் பிறந்து ஆசிரியரானவர். மூன்று ஆண்மக்களையும் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியே தீர்வது என்று உறுதி பூண்ட அப்பெற்றோர், அதற்காக எந்த இழப்பையும் ஏற்க அணியமாக இருந்தனர். மூவருள் நடுப்பிள்ளை சீசர்.

புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அவர் முதல் மதிப்பெண் பெறும் மாணவராக விளங்கவில்லை. மாணவர் சங்கப் பணிகளில் மிகுந்த ஈடுபாடு காட்டினார். அப்பணிகளின் ஊடே அறிமுகமானவர்தாம் செலியா. 1953ஆம் ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கையில் பணம் இல்லாத நிலையிலும், வழியில் செல்லும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறி ஓராண்டுக்காலம் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தனர்.

நாடு திரும்பிய மில்ஸ்டீன், பேராசிரியர் ஸ்டொப்பானியிடம் நொதிகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். அவ்வாய்வுக்கு உதவித்தொகை இல்லை. கணவனும் மனைவியும் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் பகுதிநேரப் பணி செய்து குடும்பத்தை நடத்தினர். 1957இல் பட்டம் பெற்றபின், பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவித்தொகை அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது. அங்கே 1960இல் இரண்டாம் முனைவர் பட்டமும் பெற்றார். இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்றிருந்த பிரெடரிக் சாங்கருடன் இணைந்து பணியாற்றும் வாய்ப்பும் அங்கேதான் வாய்த்தது.

துறந்த பதவி

தாம் கற்றதைத் தாய்நாட்டிற்குத் தர விரும்பிய மில்ஸ்டீன் 1961இல் அர்ஜென்டினாவுக்குத் திரும்பினார். தேசிய நுண்ணுயிரியல் நிறுவனத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் துறைக்குத் தலைமை ஏற்றார். இளைஞர்களைச் சேர்த்து ஓர் ஆய்வுக்குழுவை உருவாக்கினார்.

1962ஆம் ஆண்டு அந்நாட்டின் ஆட்சியைப் படையினர் கைப்பற்றினர். உரிமை வேட்கை கொண்ட அறிஞர்கள் குறிவைக்கப்பட்டனர். நிறுவனத்தின் இயக்குநர் இக்னாசியோ பிரோஸ்கி பழிவாங்கப்பட்டார். தம் பதவியைக் காத்துக்கொள்வதற்காக அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதா, முயன்று கட்டிய துறையை விட்டு விலகுவதா என்னும் இக்கட்டு மில்ஸ்டீனின் முன் நின்றது. அவர் பதவியைத் துறந்தார். மனைவியுடன் மீண்டும் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். தாய்நாட்டில் ஆய்வு செய்யும் கனவு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது.

எதிர்ப்பொருள் என்னும் புதிர்

சாங்கர் அப்போது கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் புரத வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். நொதிகளை விட்டு எதிர்ப்பொருளை ஆராயும்படி அவர் வழிகாட்டினார். மில்ஸ்டீன் அதனை ஏற்றார்.

நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களுள் ஒருவகை பி செல்கள். ஒவ்வொரு பி செல்லும் ஒரேவகை எதிர்ப்பொருளை மட்டுமே உருவாக்க வல்லது. அதன் மேற்பரப்பில் அவ்வகை எதிர்ப்பொருளே ஏற்பியாக அமைந்திருக்கும். உடலுக்குள் நுழையும் அயற்பொருள், தனக்குப் பொருந்தும் ஏற்பியுடைய பி செல்லோடு பிணைகிறது. துணை டி செல்களின் உதவியும் கிடைத்தால் அந்த பி செல் தூண்டப்பட்டுப் பலவாகப் பெருகுகிறது. அவற்றுள் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி, நொடிக்கு ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள் மூலக்கூறுகளைச் சுரக்கிறது. மற்றொரு பகுதி நினைவுச் செல்களாக நிலைத்து, அதே பகை மீண்டும் வரும்போது விரைந்து செயற்படுகிறது.

எண்ணற்ற அயற்பொருள்களுள் எது நுழைந்தாலும் அதற்கேற்ற எதிர்ப்பொருளை உடல் உருவாக்கிவிடுகிறது. ஆயினும் உடலில் உள்ள மரபணுக்களின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. சில மரபணுக்களைக் கொண்டு கோடிக்கணக்கான வகைகள் எவ்வாறு தோன்றுகின்றன? இதுவே மில்ஸ்டீனை ஆட்கொண்ட வினா. எதிர்ப்பொருளுக்குரிய மரபணுக்களில் நிகழும் சடுதிமாற்றங்களுக்கு இதில் பங்குண்டு என அவர் கருதினார்.

தெரிந்து தெளிவோம்

பி செல்லின் பெயரில் உள்ள 'பி' என்னும் எழுத்து, கோழி முதலான பறவைகளில் காணப்படும் 'பர்சா' என்ற சிறு பையைக் குறிக்கும். அப்பை நீக்கப்பட்ட கோழிகளால் எதிர்ப்பொருளை முறையாக உருவாக்க இயலவில்லை என்பது 1956இல் அறியப்பட்டது. மனிதரிடம் அத்தகைய பை இல்லை. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி முதிர்கின்றன.

சாகும் செல்லும் சாகாச் செல்லும்

தம் கருத்தைச் சோதிக்க மில்ஸ்டீனுக்கு ஒரேவகை எதிர்ப்பொருளை இடைவிடாமல் சுரக்கும் செல்கள் தேவைப்பட்டன. இங்கே இரண்டு தடைகள் இருந்தன. விலங்கின் குருதியிலிருந்து பெறப்படும் எதிர்ப்பொருள் எப்போதும் பலவகைகளின் கலவை. குதிரையிலிருந்து கிடைக்கும் நஞ்சுமுறிவு மருந்தும் அத்தகையதே. கலவையிலிருந்து ஒன்றைத் தனியே பிரிப்பது அரிது. சுரக்கும் பி செல்லையே தனியே எடுத்து ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்க்க முயன்றாலோ, அது சில நாள்களில் மடிந்துவிடும்.

மறுபுறம், மைலோமா என்னும் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. இவை எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் புற்றாக மாறியவை. வளர் ஊடகத்தில் முடிவின்றிப் பெருகக் கூடியவை. ஆயினும் அவை சுரக்கும் எதிர்ப்பொருள் எந்தப் பொருளுக்கு எதிரானது என்று பெரும்பாலும் தெரியாது. ஒன்றிடம் அறிவு இருந்தது, ஆயுள் இல்லை. மற்றொன்றிடம் ஆயுள் இருந்தது, அறிவு இல்லை.

1974ஆம் ஆண்டு ஜார்ஜ் கோலர் என்னும் ஜெர்மானிய இளைஞர் மில்ஸ்டீனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இருவரும் கலந்து சிந்தித்தபோது ஒரு வழி புலப்பட்டது. எதிர்ப்பொருளின் இலக்கு தெரிந்த பி செல்லையும் சாகாத மைலோமா செல்லையும் இணைத்து ஒரே செல்லாக்கினால், இரண்டின் பண்புகளும் அதில் அமையக்கூடும்.

செம்மறியாட்டின் சிவப்பணுக்களை எலிக்குச் செலுத்தினர். அதனால் தூண்டப்பட்ட பி செல்கள் எலியின் மண்ணீரலில் பெருகின. அவற்றை எடுத்து, சென்டாய் வைரசின் துணையால் மைலோமா செல்களோடு இணைத்தனர். இணைந்தவை சிலவே; இணையாதவை பல. இணைந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்க ஒரு தனிப்பட்ட வளர் ஊடகம் பயன்பட்டது. மரபுப்பொருளை ஆக்கும் முதன்மை வழியை அவ்வூடகம் அடைத்துவிடும். மாற்று வழிக்குரிய நொதி மைலோமா செல்லிடம் இல்லை. எனவே அது மடியும். பி செல்லிடம் அந்நொதி உண்டு; எனினும் அதன் ஆயுள் குறுகியது. இரண்டும் இணைந்த கலப்புச் செல் மட்டுமே பிழைத்துப் பெருகும். அதுவே ஹைபிரிடோமா எனப் பெயர் பெற்றது.

பிழைத்த செல்கள் எதிர்பார்த்த எதிர்ப்பொருளைச் சுரக்கின்றனவா என்பதை அறியவேண்டியிருந்தது. செம்மறியாட்டுச் சிவப்பணுக்களின் மெல்லிய பரப்பில் அச்செல்களை வைத்தனர். உரிய எதிர்ப்பொருள் சுரந்தால், சுற்றியுள்ள சிவப்பணுக்கள் சிதைந்து தெளிந்த வட்டம் தோன்றும். 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒருநாள் மாலை கோலர் தம் மனைவியுடன் ஆய்வுக்கூடத்தின் நிலவறைக்குச் சென்று தட்டுகளைப் பார்த்தார். தட்டுகளில் தெளிந்த வட்டங்கள் தென்பட்டன. ஒரே செல்லிலிருந்து பெருகிய வழித்தோன்றல்கள் ஒரேவகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் காலம் பிறந்தது. இத்தகைய எதிர்ப்பொருள் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் எனப்படுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் 'நேச்சர்' இதழில் மூன்று பக்கங்களில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

தடையும் தெளிவும்

வெற்றியைத் தொடர்ந்து சோதனை வந்தது. அதே ஆய்வை மீண்டும் செய்தபோது செல்கள் பிழைக்கவில்லை. மாதங்கள் கடந்தன; தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. ஒருமுறை கிட்டிய வெற்றி தற்செயலோ என்னும் ஐயம் எழும் நிலை. மில்ஸ்டீன் தளரவில்லை. ஒவ்வொரு படிநிலையும் மீளாய்வு செய்யப்பட்டது. ஊடகத்தில் சேர்க்கப்பட்ட கலவையின் ஒரு தொகுதி நச்சுத்தன்மை அடைந்திருந்ததே காரணம் என்பதை, அவருடன் பணியாற்றிய கால்பிரே என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். புதிய கலவையைப் பயன்படுத்தியதும் செல்கள் மீண்டும் தழைத்தன. செல்களை இணைக்க வைரசைவிட எளிய வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறையும் பின்னர் அங்கேயே செம்மையாக்கப்பட்டது.

பகிர்ந்த செல்வம்

தம் கண்டுபிடிப்புக்கு மருத்துவத்திலும் தொழில்துறையிலும் பயன் இருக்கக்கூடும் என மில்ஸ்டீன் உணர்ந்திருந்தார். அதைத் தம் நிறுவனத்திற்கும் தெரிவித்தார். காப்புரிமை பெறும் பொறுப்பிலிருந்த அரசு அமைப்போ, உடனடிப் பயன் எதுவும் புலப்படவில்லை என்று கருதிவிட்டது. காப்புரிமை பெறப்படவில்லை.

உலகின் பல பகுதிகளிலிருந்து ஆய்வாளர்கள் அச்செல்களைக் கேட்டு எழுதினர். மில்ஸ்டீன் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பிவைத்தார். செய்முறையைக் கற்க வந்தோருக்குக் கற்பித்தார். அவரிடம் செல்களைப் பெற்ற வேறு சிலர், சில ஆண்டுகளில் அமெரிக்காவில் தங்கள் பெயரில் காப்புரிமைகளைப் பெற்றனர். மில்ஸ்டீனின் கண்டுபிடிப்பின்மேல் மாபெரும் தொழில் ஒன்று எழுந்தது. பெருஞ்செல்வத்தை இழந்துவிட்டதாகப் பிரிட்டனில் நெடுநாள் வாதம் நடந்தது.

இவ்விழப்பு உண்மையானதே. அதேவேளையில், எல்லோருக்கும் தடையின்றிக் கிடைத்ததால் இம்முறை மிக விரைவாகப் பரவியது என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கான ஆய்வுக்கூடங்கள் அதனைக் கையாண்டன. அறிவுக்கு உரிமை கோருவதா, அதைப் பகிர்வதா என்ற வினாவுக்கு மில்ஸ்டீன் தம் செயலால் விடை தந்தார்.

1984ஆம் ஆண்டு மில்ஸ்டீன், கோலர், நோய்த்தடுப்பியல் அறிஞர் நீல்ஸ் ஜெர்னி ஆகிய மூவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசுக்குப் பின்னரும் மில்ஸ்டீன் தம் பழைய வினாவை விடவில்லை. எதிர்ப்பொருள் மரபணுக்களில் சடுதிமாற்றங்கள் சேரச்சேர, எதிர்ப்பொருள் தன் இலக்கை மேன்மேலும் இறுகப் பற்றுகிறது என்பதை, தாம் உருவாக்கிய ஹைபிரிடோமாக்களைக் கொண்டே விளக்கினார்.

எலியிலிருந்து மனிதருக்கு

1986ஆம் ஆண்டு, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் புறக்கணிக்காமல் காக்கும் மருந்தாக முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது எலியின் புரதம். மனித உடல் அதையே அயற்பொருளாகக் கருதி எதிர்க்கலாயிற்று. எனவே மனித எதிர்ப்பொருளைப் பெறும் முயற்சிகள் வலுப்பெற்றன.

மனிதரின் பி செல்களைக் குருதியிலிருந்து பிரித்தெடுக்கலாம். குடுவையில் அவற்றைத் தூண்டுவதே கடினம். உடலுக்குள் டி செல் அளிக்கும் துணையைக் குடுவையிலும் அளிக்க வேண்டும். டி செல்லின் புரதம் ஒன்று பி செல்லின் மேலுள்ள சிடி40 என்னும் ஏற்பியைத் தொட்டு விழிக்கச் செய்கிறது. இன்டர்லூகின் எனப்படும் செய்திப்புரதங்கள், பெருகுமாறும் எதிர்ப்பொருளைச் சுரக்குமாறும் அதனை ஏவுகின்றன. இவ்விரு துணைகளையும் ஊடகத்தில் சேர்த்தால், மனித பி செல்கள் குடுவைக்குள்ளேயே பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசால் மனித பி செல்களைத் தொடர்ந்து பெருகச் செய்து, குறித்த எதிர்ப்பொருளைப் பெறலாம் என்பது 1977இல் மெய்ப்பிக்கப்பட்டது.

மில்ஸ்டீன் பணியாற்றிய அதே ஆய்வுக்கூடத்தில் கிரெகரி வின்டர் மற்றொரு வழியைக் கண்டார். எலி எதிர்ப்பொருளில் இலக்கைப் பற்றும் பகுதியை மட்டும் எடுத்து, மனித எதிர்ப்பொருளின் உடலில் பொருத்தினார். இவ்வழிகளில் வளர்ந்த மருந்துகள் இன்று மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், முடக்குவாதம் முதலியவற்றுக்கு வழங்கப்படுகின்றன. அவற்றின் பொதுப்பெயர்கள் பெரும்பாலும் 'மாப்' என முடிவதைக் காணலாம்.

நீலத்துளியில் நிலைத்த பெயர்

கோலர் 1995இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். மில்ஸ்டீன் 2002ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார்.

அவருடைய பணி நம் ஊர்களிலும் தொடர்கிறது. முன்பு குருதி வகையை அறியப் பயன்பட்ட எதிர்ப்பொருள்கள் மனிதரின் குருதியிலிருந்தே பெறப்பட்டன. அவற்றின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை, அளவும் போதவில்லை. குருதி வகையைக் காட்டும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை உருவாக்குவதில் மில்ஸ்டீனும் உடன் பணியாற்றியோரும் ஈடுபட்டனர். இன்று ஏ வகையைக் காட்ட நீலத்துளியும் பி வகையைக் காட்ட மஞ்சள்துளியும் பயன்படுகின்றன. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு தாய்க்குப் பேறுகாலத்தில் குருதி தேவைப்படும்போது, பொருந்தும் குருதியை அத்துளிகள் சில நிமிடங்களில் காட்டிவிடுகின்றன. டெங்குக் காய்ச்சலை அறியும் அட்டையிலும் இத்தகைய எதிர்ப்பொருளே செயற்படுகிறது.

பாம்பின் நஞ்சில் தொடங்கிய கதை மீண்டும் அங்கேயே வந்து நிற்கிறது. குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதால், அதற்கு மாற்றாக மனித எதிர்ப்பொருளைத் தேடும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து, நாகம், கட்டுவிரியன் ஆகிய இனப் பாம்புகளின் நரம்பு நஞ்சை முடக்கும் செயற்கை மனித எதிர்ப்பொருளை உருவாக்கி, எலிகளில் அது பயன் தருவதை 2024இல் வெளியிட்டனர். மனிதருக்கு மருந்தாவதற்கு முன் அது கடக்கவேண்டிய சோதனைகள் இன்னும் உள்ளன.

ஆட்சியின் அடக்குமுறை மில்ஸ்டீனிடமிருந்து தாய்நாட்டைப் பறித்தது. காப்புரிமையின் செல்வம் அவர் கைக்கு வரவில்லை. சிறுவயதில் தோன்றிய வியப்பும் விடாத வினாவும் கேட்டவர்க்குக் கொடுக்கும் மனமும் இறுதிவரை அவரிடம் இருந்தன. வயலில் கடிபட்ட உழவர் ஒருவர் வருங்காலத்தில் மனித எதிர்ப்பொருளால் உயிர் பிழைப்பாரானால், அம்மருந்திலும் மில்ஸ்டீனின் பங்கு இருக்கும்.